நெருப்பில்லாச் சூடு

மேகம் வந்து தங்கிப் போகும் உயரத்தில், மலைமேல் ஒரு காடு இருந்தது, குழந்தைகளே. மார்கழி பிறந்துவிட்டால் அங்கே உறைபனி விழும். புல்லெல்லாம் வெளுத்துவிடும். அதனால் மழை ஓய்ந்ததுமே விலங்குகள் கீழ்ச்சரிவுக்கு இறங்கிப் போய், உலர்ந்த சருகுகளை வாரி வந்து வளைகளில் நிரப்பிக்கொள்ளும். இடுப்பொடிக்கும் வேலைதான். ஆனால் சருகு இருந்தால்தான் குட்டிகள் பிழைக்கும்.

அந்தக் காட்டில் ஒரு கருமந்தி இருந்தது. கெட்டிக்காரக் குரங்கு. ஆனால் புகழ் என்றால் அதற்கு உயிர்.

ஒருநாள் பிற்பகலில், பாறைக் குழியில் தேங்கிய தண்ணீரில் கறுப்புக் கூழாங்கற்களைப் போட்டு அது விளையாடிக்கொண்டிருந்தது. தற்செயலாகக் கையை விட்டது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது!

இன்னொரு முறை செய்து பார்க்கும் பொறுமை அதற்கு இல்லை. உயர்ந்த மரத்தில் ஏறிக் கத்தியது.

"எல்லாரும் வாருங்கள்! நெருப்பில்லாச் சூட்டைக் கண்டுபிடித்துவிட்டேன்! கறுப்புக் கல்லும் தண்ணீரும் சேர்ந்தால் போதும், சூடு தானாகப் பிறக்கிறது! இனி யாரும் சருகு வார வேண்டியதில்லை!"

விலங்குகள் ஓடி வந்தன. வெயிலில் காய்ந்த பாறைமேல் நின்று, ஒவ்வொன்றாகக் குழியில் காலை விட்டுப் பார்த்தன. ஆகா, என்ன இதம்!

காட்டின் தலைவரான காட்டெருமைக்குத் தலைகால் புரியவில்லை. "நம் காட்டுக்கு இப்படி ஒரு பெருமையா! கருமந்தி சொல்வதைச் செய்யுங்கள். சருகு வேலையை நிறுத்துங்கள். இந்தப் பாறைக் குழியைச் சுற்றிக் கரை கட்டிப் பெரிதாக்குவோம். எல்லாரும் கல் கொண்டு வாருங்கள்" என்று ஆணையிட்டது.

ஓடைக்கரையில் வாழ்ந்த நீர்நாய்க்கு எல்லாரையும்விட ஆசை அதிகம். அதன் குட்டிகள் போன பனியில் பட்ட பாடு அப்படி. அன்றே தன் வளைக்குப் பக்கத்தில் மரநிழலில் ஒரு குழி தோண்டி, தண்ணீர் நிரப்பி, கறுப்புக் கற்களைப் போட்டுக் காத்திருந்தது. தண்ணீர் சூடாகவில்லை. கற்களை மாற்றிப் பார்த்தது. அப்போதும் சில்லென்றே இருந்தது.

இரண்டு நாள் கழித்து அது கருமந்தியிடம் போனது. "அண்ணே, எனக்குச் சூடு வரவில்லையே. நீங்கள் எப்படிச் செய்தீர்கள்? எந்தக் கல்? எவ்வளவு நேரம்?"

"அதெல்லாம் இப்போது சொல்வதற்கில்லை. உன் தண்ணீர் சரியில்லை."

"உங்கள் குழித் தண்ணீரையே மொண்டு ஊற்றினேன், அண்ணே."

"அப்படியென்றால் கல் சரியில்லை."

"சரி. விடியற்காலையில் வந்து உங்கள் குழியைத் தொட்டுப் பார்க்கட்டுமா?"

கருமந்தியின் முகம் சுருங்கியது. "வேண்டாம்! உனக்குப் பொறாமை. அதுதான் உன் குழி சூடாகவில்லை!"

கூடியிருந்த விலங்குகள் நீர்நாயை முறைத்தன. "நல்லது நடந்தால் உனக்குப் பொறுக்காதா?" என்று கடமான் சீறியது. "நீ ஒன்றும் தொட வேண்டாம், போ!" என்று முள்ளம்பன்றி முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு அதைத் துரத்தியது.

நீர்நாய் பக்கத்து வளை முயலிடம் போனது. "அக்கா, கொஞ்சமாவது சருகு சேர்த்து வை" என்று கெஞ்சியது.

"எப்படிச் சேர்ப்பேன்? தலைவர் எல்லாரையும் கல் சுமக்கச் சொல்லியிருக்கிறாரே. கருமந்தி பொய்யா சொல்லும்?" என்றது முயல். அதன் குட்டிகள் அப்போதுதான் கண் திறந்திருந்தன.

பனிக்காலம் வந்தது. முதல் உறைபனி விழப்போகிற மாலையில், விலங்குகள் தங்கள் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு வந்து பெரிய குழியைச் சுற்றிப் படுத்தன.

பொழுது விடிந்தபோது குழியின்மேல் பனிக்கட்டி மூடியிருந்தது. குட்டிகள் நடுங்கி அழுதன. முயலின் கடைக்குட்டி மட்டும் அழவில்லை. தாய் அதை நக்கி நக்கி எழுப்பிப் பார்த்தது. அது எழவே இல்லை.

கருமந்தி தடுமாறியது. "யாரோ தண்ணீரைக் கெடுத்துவிட்டார்கள்... இன்னும் கொஞ்சம் கல் போட்டால்..."

முயல் தலையை நிமிர்த்தியது. "ஒன்று மட்டும் சொல்லுங்கள். இதற்குமுன் விடியற்காலையில் இந்தத் தண்ணீரை நீங்கள் தொட்டுப் பார்த்தீர்களா?"

கருமந்தி தரையைப் பார்த்தது. "தொட்டேன்."

"எப்போது?"

"எல்லாருக்கும் சொன்ன மறுநாளே. சில்லென்று இருந்தது. ஏதோ தவறு நடந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். இவ்வளவு பேர் கைதட்டிய பிறகு எப்படிச் சொல்வேன்?"

நீர்நாய் கோபத்தோடு கருமந்தியின் முன்னால் வந்து நின்றது.

"பகலெல்லாம் இந்தப் பாறையில் வெயில் விழுகிறது. அந்தச் சூட்டைக் கல்லின் சூடு என்று நினைத்தாய். நினைத்துவிட்டுப் போ! நானும்தான் நம்பினேன். ஆனால் மறுநாளே தெரிந்தும் வாயை மூடிக்கொண்டாயே! கேட்க வந்த என்னைப் பொறாமைக்காரி என்றாயே! நாளைக்கு யாராவது உண்மையாகவே நெருப்பில்லாச் சூட்டைக் கண்டுபிடிக்கட்டும். முதலில் ஓடி வந்து கைதட்டுவது நான்தான். ஆனால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் தட்டுவேன்!"

காட்டெருமை நீர்நாயின் முன் தன் கொம்புகளைத் தாழ்த்தியது. "நானும் தொட்டுப் பார்க்கச் சொல்லவில்லை. உன்னைத் துரத்தியபோது பார்த்துக்கொண்டு நின்றேன்" என்றது. பிறகு உறைந்த புல்லை மிதித்துக்கொண்டு சருகு தேடிக் கீழ்ச்சரிவுக்கு இறங்கியது. மற்ற விலங்குகளும் பின்னால் போயின. முயல் மட்டும் போகவில்லை. தன் கடைக்குட்டியை அணைத்துக்கொண்டு அங்கேயே கிடந்தது.

நீதி: தவறாக எண்ணிவிடுவது குற்றமல்ல; தவறென்று தெரிந்தும் மறைப்பதும், சோதித்துப் பார்க்க வந்தவரைத் துரத்துவதுமே குற்றம்.