அடுத்த கட்டில்

"பெய்யுற மழைக்கு இது யார் வயலுன்னு தெரியாது, ஆனா…" துக்க வீட்டில் ஆறுதல் சொல்லும்போதெல்லாம் கோயில்பிள்ளை உபதேசியாரின் பெரிய மாமா இப்படித்தான் ஆரம்பிப்பார். அந்த 'ஆனா'வுக்குப் பிறகு அவர் என்ன சொல்வார் என்பது உபதேசியாருக்கு எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை.

மகள் ஹெப்சியை அடக்கம் பண்ணி ஒரு மாதம்கூட ஆகவில்லை. காய்ச்சல். ஆஸ்பத்திரியில் அடுத்த கட்டிலில் அதே காய்ச்சலோடு கிடந்தவன், உபதேசியார் ஊழியம் செய்யும் சபையைச் சேர்ந்த ஜெயசிங்கின் மகன். அவன் பிழைத்துக்கொண்டான். இப்போது கோயில் வாசலில் கோலி விளையாடுகிறான்.

அவன் சிரிப்புச் சத்தம் கேட்டாலே உபதேசியாருக்கு வயிறு எரியும். ஜெயசிங்கின் மனைவி மகனைப் பிடித்து உட்காரவைத்துத் தலைக்கு எண்ணெய் தேய்ப்பதைப் பார்த்த அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த லட்சணத்தில்தான் ஜெயசிங் வந்து நின்றான். ஞாயிறு ஆராதனையில் மகன் பிழைத்ததற்கு நன்றியாக ஸ்தோத்திர ஜெபம் வைத்திருக்கிறானாம். அதை உபதேசியார்தான் ஏறெடுக்க வேண்டுமாம். அவருடைய ஜெபத்தில்தான் பிள்ளை எழுந்தான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் உபதேசியார் ஞானாபரணம் ஐயரிடம் போனார். சபையின் குருவானவர், உபதேசியாருக்கு வேதம் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். மறுநாள் நற்கருணைக்கான கிண்ணத்தை ஐயர் துடைத்துக்கொண்டிருந்தார்.

நாளைய ஜெபத்தை வேறு யாராவது பண்ணட்டும் என்றார் உபதேசியார். தன்னை வேறு ஊர்ச் சபைச் சேகரத்துக்கு மாற்றிவிடும்படியும் கேட்டார். ஜெயசிங் மேல் பொறாமையா என்று ஐயர் விசாரித்தார். இவர் மறைக்கவில்லை.

"ரெண்டு கட்டில்லயும் ஒரே வாய்தான் ஜெபம் பண்ணிச்சு, ஐயா. கர்த்தர் அவன் பிள்ளையைக் கொடுத்தாரு. என் பிள்ளையை எடுத்துக்கிட்டாரு."

"அந்தப் பையனுக்கு என்ன கேட்டீரு?"

"சுகம் கேட்டேன்."

"அது வாய் கேட்டது. உள்ள?"

உபதேசியார் குரலைத் தாழ்த்தினார்.

"இவனை எடுத்துக்கிட்டு என் பிள்ளையை விட்டுரும்னு."

ஐயர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். திட்டு விழும் என்று உபதேசியார் காத்திருந்தார். ஐயர் எழுந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஹெப்சியின் குழியில் முதல் பிடி மண் போட்ட கையை அவர் தோளில் வைத்தார்.

"ஹெப்சியை ஏன் எடுத்தாருன்னு எனக்கும் தெரியாது, உபதேசியாரே. தெரிஞ்ச மாதிரி பேசவும் மாட்டேன். ஆனா அந்தப் பையனை எடுக்கச் சொல்லி உம்ம மனசு கேட்டதை அவரு கொடுக்கல. அதுக்கு ஸ்தோத்திரம் சொல்ல, இந்த ஊர்ல உம்மை விட்டா வேற ஆளு யாரு இருக்கா?"



மறுநாள் ஸ்தோத்திர ஜெபத்தை அவரே ஏறெடுத்தார். மாற்றலை மறுபடி கேட்கவில்லை.