மாத்திரை எழுதிய கை

இசக்கிப்ரியாவின் மரபணுப் பரிசோதனை முடிவு வந்ததும் பயிற்சி டாக்டர் வேலாயுதம் அதை இரண்டு முறை படித்தான். பிறகு பழைய மருத்துவத் தாள்களைப் புரட்டினான். நான்கு வருடத்துக்கு முன்பு, அவளுக்கு ஒத்துக்கொள்ளாத அந்த வலிப்பு மாத்திரையைத் தொடங்கியவர் யார் என்று தேடினான்.

கையெழுத்து டாக்டர் ஹமீதா பானுவுடையது. அவர் நரம்பியல் பிரிவின் தலைவர். அவரிடம் படிப்பதற்காகவே வேலாயுதம் இந்த ஊருக்கு வந்திருந்தான்.

முடிவை அவர் மேசையில் வைத்தான்.

“மேடம், மூணு மாத்திரை கொடுத்தும் இசக்கிப்ரியாவுக்கு வலிப்பு ஏன் நிக்கலைன்னு தெரிஞ்சுபோச்சு. அதுல ஒண்ணு வலிப்பைக் கூட்டியிருக்கு. அந்த அம்மாகிட்ட அதைச் சொல்லணுமா? வேற மருந்துக்கு மாத்துறோம்னு சொன்னா போதாதா?”

ஹமீதா பானு முடிவை வாசித்தார். எழுந்து வார்டுக்கு நடந்தார். வேலாயுதம் பின்னால் போனான்.

ஐந்து வயது இசக்கிப்ரியா அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். காலையில் வந்த வலிப்பில் கடிபட்ட உதடு வீங்கியிருந்தது. பக்கத்திலிருந்த அவள் தாய் மாரிச்செல்வி எழுந்து நின்றாள்.

“உட்காருங்கம்மா,” என்று சொல்லிவிட்டு ஹமீதா பானு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். “மூளையில சில நரம்பணுக்கள் மத்ததை அடக்கி வைக்கும். அதுக்குள்ள உப்புச் சத்து போறதுக்கு வாசல் உண்டு. உங்க பிள்ளைக்குப் பிறவியிலேயே அந்த வாசல் பாதிதான் வேலை செய்யுது. நான் எழுதின மாத்திரை அதையும் அடைச்சிருச்சு. பல பேருக்கு வலிப்பை நிறுத்துற மாத்திரைதான். உங்க பிள்ளைக்குக் கெடுதல் பண்ணியிருக்கு.”

மாரிச்செல்வி குழந்தையின் காலைத் தொட்டுக்கொண்டிருந்தாள்.

“அன்னைக்கே தெரியாதாம்மா?”

“தெரியல. சந்தேகப்பட்டிருக்கணும். நான் படல.”

“மாத்திரையக் கூட்டுனா வலிப்பும் கூடுதுன்னு நான் சொன்னேன். உங்க பின்னால நிக்காவளே, இந்த டாக்டரு, நான் ஒழுங்கா குடுக்கலன்னு ஏசினாவ. வீட்லயும் அதான் பேச்சு. எங்க வம்சத்துச் சீக்குன்னு மாமியார் சொல்லுதாவ. நான் இல்லாம வேற ஒருத்தி பெத்திருந்தா பிள்ள நல்லா இருந்திருக்குமோன்னு நெனச்சுக்கிட்டே கெடப்பேன்.”

“உங்க ரெண்டு பேர் ரத்தத்தையும் பார்த்தாச்சு. உங்ககிட்டயும் இல்ல, உங்க வீட்டுக்காரர்கிட்டயும் இல்ல. பிள்ளை உருவாகும்போது புதுசா வந்தது. யாரோட தப்பும் இல்ல.”

மாரிச்செல்வி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

“இனி நின்னுருமா?” என்று கடைசியில் கேட்டாள்.

“அந்த மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு நிறுத்துவோம். வேற மருந்து இருக்கு. வலிப்பு குறையும்னு நம்புறேன். முழுசா நிக்கும்னு சொல்ல மாட்டேன்.”

அவள் தலையசைத்தாள்.

வெளியே வராந்தாவில் வேலாயுதம் பின்தங்கினான். அவன் கண் வார்டின் கதவுப் பக்கமே போய்க்கொண்டிருந்தது.

“மேடம், இனிமே அந்த அம்மா நம்மளை நம்புவாங்களா?”

ஹமீதா பானு நின்றார்.

“என் பங்கை நான் சொல்லிட்டேன், வேலாயுதம்.”