முதுகை விட்டு இறங்காத கரடிக்குட்டி

மலையடிக் காட்டில் ஓர் ஓடை. ஓடைக்கரையில் ஒரு பலாமரம். அந்த மரத்தடியில் ஒரு தாய்க்கரடியும் அதன் குட்டியும் வசித்தன.

குட்டியின் நெஞ்சில் வெள்ளையாக ஒரு பிறை இருந்தது. எல்லாக் கரடிக்கும் இருப்பதுதான். ஆனால் தாய்க்கரடியின் கண்ணுக்கு அது தனியாகத் தெரிந்தது. அதனால் குட்டிக்குப் பிறையன் என்று பெயர் வைத்தது.

கரடிக்குட்டிகள் தாயின் முதுகில் ஏறித்தான் காட்டைச் சுற்றும். பிடரிமயிரை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, முகத்தை அதில் புதைத்துக்கொண்டு போகும். பிறையனுக்கு உலகத்திலேயே பிடித்த இடம் அம்மாவின் முதுகுதான். வேறு எந்த இடமும் அதற்கு அவ்வளவாகப் பழக்கமும் இல்லை.

தாய்க்கரடியின் சமையலை மிஞ்ச அந்தக் காட்டில் ஆள் கிடையாது. கறையான்கள் விட்டுப்போன பழைய புற்று ஒன்றைக் குடைந்து அடுப்பாக்கி வைத்திருந்தது. காலையில் அதற்குள் சுள்ளியைப் போட்டு எரிக்கும். தணல் அடங்கியதும் சாம்பலைத் தள்ளிவிட்டு, தினைமாவைத் தேன் விட்டுப் பிசைந்து உள்ளே வைக்கும். புற்றின் வாயை மண்ணால் அடைக்கும். கொஞ்ச நேரத்தில் ரொட்டி பொன்னிறமாக வெந்து வரும். ஓடையின் அக்கரை வரை மணக்கும்.

சமைத்து முடித்ததும் தேக்கிலை மூன்றை வரிசையாகப் போடும். போட்ட பிறகுதான் நினைவு வரும். மூன்றாவது இலையை எடுத்து மெதுவாக மடித்து ஓரமாக வைத்துவிடும்.

அது தும்பியின் இலை. தும்பி, பிறையனின் அக்கா. போன கோடையில் மலைக்கு அந்தப் பக்கம் போனது, திரும்பி வரவில்லை. கரடிகள் வளர்ந்தால் போய்விடும். அது காட்டு வழக்கம். யார் மேலும் தப்பில்லை. ஆனாலும் தாய்க்கரடியின் கைக்கு அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

அந்த இலை மடிக்கப்படுவதைப் பிறையன் தினமும் பார்க்கும். ஒன்றும் கேட்காது.

பிறையனிடம் ஒரே ஒரு குறை. சாப்பிடாது!

"இது என்னம்மா?"

"வள்ளிக்கிழங்குடா கண்ணு. சுட்டது."

"நாரா இருக்கு."

"சரி, நாவல்பழம் தின்னு."

"நாக்கு நீலமாயிடும்."

"ஈசல் வறுத்து வச்சிருக்கேன். மொறுமொறுன்னு இருக்கு பாரு!"

"றெக்கை தெரியுது."

"றெக்கையெல்லாம் ஊதித் தள்ளியாச்சுடா!"

"எனக்குத் தெரியுது."

தாய்க்கரடி கெஞ்சும். கொஞ்சும். கடைசியில் பொறுமை போய்விடும்.

"உங்க அக்காவைப் பாரு! இலையில ஒரு துணுக்கு மிச்சம் வைக்க மாட்டா. எப்படி வளர்ந்தா! நீயும் நல்லா சாப்பிட்டுப் பெரியவனாகு. அப்புறம் அம்மா முதுகே வேண்டாம், நீயா நடந்து போயிடலாம்!"

இதைக் கேட்டதும் பிறையன் வாயை இன்னும் இறுக்கமாக மூடிக்கொள்ளும்.

தாய்க்கரடிக்கு உள்ளூரப் பயம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் ஓடை பொங்கிவிடும். அதற்குள் மலை உச்சியில் இருக்கும் குகைக்குப் போயாக வேண்டும். அங்கே குளிர் எலும்புக்குள் இறங்கும். உடம்பில் சதையில்லாத குட்டி அந்தக் குளிரைத் தாண்டாது. தாய்க்கரடி அதைக் கண்ணால் பார்த்திருக்கிறது.

பலாமரத்தின் மேலே சிலுப்பி என்ற மந்தி குடியிருந்தது. அதற்கு நான்கு குட்டிகள். சமைக்கத் தெரியாது. யோசனை சொல்ல நன்றாகத் தெரியும்.

"கரடியக்கா! நீ பக்கத்துல உட்கார்ந்து கெஞ்சறதாலதான் அவன் ரொம்ப பிகு பண்றான்!" என்றது சிலுப்பி.

"வேற என்ன செய்யச் சொல்றே?"

"இலையில வச்சுட்டு நீ பாட்டுக்கு ஓடைப்பக்கம் போயிடு. பார்க்க ஆள் இல்லைன்னா தானா தின்னுவான். என் பிள்ளைங்களை நான் அப்படித்தான் வளர்க்கிறேன்!"

தாய்க்கரடிக்கு மனசில்லை. ஆனாலும் வேறு வழி தெரியவில்லை. மறுநாள் தேன்ரொட்டியை இலையில் வைத்துவிட்டு ஓடைக்குப் போனது. அங்கே கழுவ ஒன்றுமில்லாத கையை வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து பார்த்தால், இலை காலி!

"தின்னுட்டியா?"

பிறையன் தலையை ஆட்டியது.

தாய்க்கரடிக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த நாள் இரண்டு ரொட்டி சுட்டது. அதற்கடுத்த நாள் இலுப்பைப்பூவைக் கலந்து மூன்று சுட்டது. தினமும் ஓடைக்குப் போய்த் தனியாக உட்கார்ந்திருந்தது. தினமும் இலை காலியாக இருந்தது.

ஆனால் முதுகுக்குத் தெரியாமல் போகுமா? பிறையன் ஏறி உட்கார்ந்தால் நாளுக்கு நாள் கனம் குறைந்தது.

"சிலுப்பி, அவன் தின்கிறதெல்லாம் எங்கேதான் போகுது?" என்று கேட்டது தாய்க்கரடி.

"சில உடம்பு அப்படித்தான் அக்கா! என் மாமியாரும் அப்படித்தான். மலையளவு தின்னும், ஓணான் மாதிரி இருக்கும்!" என்றது சிலுப்பி.

அதன் நான்கு குட்டிகளும் உட்கார்ந்திருந்த கிளை வளைந்து தொங்கியது. தாய்க்கரடி அதைக் கவனிக்கவில்லை.

புரட்டாசி முடியும் சமயம். குகைக்குப் போகும் வழி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவரத் தாய்க்கரடி கிளம்பியது. பிறையன் முதுகில் ஏறிக்கொண்டது. வேடிக்கை பார்க்க மந்திக்குட்டிகளும் மரத்துக்கு மரம் தாவிப் பின்னாலேயே வந்தன.

வழியில் ஒரு சாய்ந்த பாறை. தாய்க்கரடி நகத்தை ஊன்றி ஏறியது. பாதிப் பாறையில் பிறையனின் கை நழுவியது. பிடிக்கப் பார்த்தது. விரலில் வலு இல்லை. "அம்மா!" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். உருண்டு போய்க் கீழே ஒரு புதரில் விழுந்தது.

தாய்க்கரடி பாய்ந்து இறங்கியது. நல்லவேளை, அடி ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் குட்டியைத் தூக்கியபோது சருகைத் தூக்கியது போல இருந்தது. 

"கையில தெம்பே இல்லையேடா! தினமும் அவ்வளவு ரொட்டி தின்னியே!"

பிறையன் முகத்தை அம்மாவின் மயிரில் புதைத்துக்கொண்டது. மேலே கிளையிலிருந்து ஒரு மந்திக்குட்டி பேசியது.

"அவன் எங்க தின்னான்? நாங்கதான் தின்னோம்! அவன் இலையைத் தூக்கிப் பிடிப்பான், நாங்க எடுத்துக்குவோம். இன்னைக்கு ரொட்டி இல்லையா பெரியம்மா?"



தாய்க்கரடிக்குக் கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே வடிந்தும் போனது. குட்டியை மடியில் வைத்துக்கொண்டு தாழ்ந்த குரலில் கேட்டது.

"அம்மா சமையல் அவ்வளவு மோசமாவா இருக்கு?"

"இல்லம்மா. ரொட்டி வாசனை வந்தாலே வாயில தண்ணி ஊறும். மூக்கைப் பொத்திக்குவேன்."

"பின்னே ஏண்டா தின்னலை?"

பிறையன் அம்மாவின் மயிரை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னது. "தின்னா கனமாயிடுவேன். கனமானா என்னை இறக்கி விட்டுடுவே. அக்காவை இறக்கி விட்ட மாதிரி. அப்புறம் என் இலையையும் மடிச்சு வச்சிடுவே."

 ஒவ்வொரு வேளையும் இலைக்கு முன்னால் உட்கார்ந்து தான் என்னென்ன சொன்னோம் என்று தாய்க்கரடிக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அக்கா மாதிரி தின்னு. பெரியவனாகு. அம்மா முதுகே வேண்டாம். ஆசை காட்டுவதாக நினைத்துக்கொண்டு, அது தினமும் குட்டிக்குப் பயத்தைப் பரிமாறியிருக்கிறது.

"அக்காவை நான் இறக்கி விடலைடா," என்றது. "முன்னாடி நீ, பின்னாடி அவ, ரெண்டு பேரையும் சேர்த்துத்தான் சுமந்தேன். ஒரு நாள் அவளாவே குதிச்சா. குதிச்சு ஓடினா. நான் கொஞ்ச தூரம் பின்னாலேயே போனேன்."

"அக்கா திரும்பிப் பார்த்தாளா?"

பார்த்தாள் என்று சொல்லியிருக்கலாம். தாய்க்கரடிக்குப் பொய் வரவில்லை.

"இல்லை."

"நானும் ஒரு நாள் போயிடுவேனா?"

"போவே."

பிறையனின் உதடு பிதுங்கியது. தாய்க்கரடி அதன் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டது.

"ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. நானா உன்னை இறக்கி விடமாட்டேன். இறங்கறேன்னு நீயா சொல்ற வரைக்கும் இந்த முதுகு உன்னோடது."

"எவ்வளவு கனமானாலும்?"

"எவ்வளவு கனமானாலும்!"

"யானை மாதிரி ஆயிட்டா?"

"யானை மாதிரி ஆனா நசுங்கிப் போவேன். இறக்கி மட்டும் விடமாட்டேன்! ஆனா ஏறி உட்காரணும்னா பிடிச்சுக்கக் கையில வலு வேணும். இன்னைக்கு உன்னை யாரு இறக்கி விட்டா? உன் பட்டினிதான் இறக்கி விட்டுச்சு!"

பிறையன் தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டது.

அன்று மரத்தடிக்கு வந்ததும் தாய்க்கரடி ரொட்டி சுட்டது. ஓடைக்குப் போகவில்லை. பிறையன் ஒரே ஒரு துண்டைத் தின்றது. தின்றவுடன், "ஏறிப் பார்க்கட்டுமா?" என்றது. முதுகில் ஏறியது. தாய்க்கரடி பலாமரத்தை ஒரு சுற்று சுற்றி வந்தது. இறக்கி விடவில்லை. இன்னொரு துண்டு. இன்னொரு சுற்று. அப்போதும் இறக்கி விடவில்லை! மூன்றாவது துண்டைப் பிறையன் முதுகில் இருந்தபடியே தின்றது. தாயின் கழுத்தெல்லாம் தேன் ஒழுகியது.

"இது என்ன கூத்து? செக்குமாடு மாதிரி சுத்தறியே அக்கா!" என்று மேலிருந்து கத்தியது சிலுப்பி.

"நான் சுத்தறேன். நீ இறங்கி வந்து உன் பிள்ளைங்களுக்கு அடுப்பு மூட்டு!"

"அடுப்பா? நானா?" என்று சிலுப்பி இலைக்குள் ஒளிந்துகொண்டது.

அதன்பின் தினமும் இப்படித்தான் சாப்பாடு நடந்தது. கிழங்கில் நார் இருந்தது. நாக்கு நீலமானது. ஈசலின் றெக்கை யார் கண்ணுக்கும் தெரியவில்லை. மழை பிடித்தபோது பிறையன் உருண்டு திரண்டு இருந்தது. சாய்ந்த பாறையில் தாயின் பிடரியை உடும்புபோலப் பற்றிக்கொண்டது. குகையின் குளிரையும் தாண்டிவிட்டது.

மழைக்காலம் போனது. இரண்டும் பலாமரத்துக்குத் திரும்பின. தை போனது, மாசியும் போனது. இப்போது பிறையன் முதுகில் ஏறினால் தாய்க்கரடியின் கால் மண்ணில் பதியும். மேட்டில் ஏறும்போது நாலு இடத்தில் நின்று மூச்சு வாங்கும். ஆனால் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஒரு நாள் காலை. தேன் எடுக்கப் போகும் வழியில், பிறையன் தானாகவே முதுகிலிருந்து சறுக்கி இறங்கியது.

"ஏண்டா இறங்கிட்டே? நான் ஒண்ணும் சொல்லலையே!"

"நீ சொல்லலை. உனக்கு மூச்சு வாங்குது. நான் நடந்து வரேன்."

பிறையன் முன்னால் ஓடியது. வழி திரும்பும் இடத்தில் நின்று, அம்மா வருகிறதா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தது. பிறகு திருப்பத்தில் மறைந்தது.

தாய்க்கரடி நின்ற இடத்திலேயே நின்றது. முதுகில் குட்டிகள் உட்கார்ந்து உட்கார்ந்து மயிர் தேய்ந்துபோன ஓர் இடம் இருந்தது. பல வருஷத்துக்குப் பிறகு அந்த இடத்தில் காற்றுப் பட்டது. வெயில் நேரம்தான். ஆனாலும் அதற்குக் குளிர்ந்தது.

தேனோடு இரண்டும் மரத்தடிக்குத் திரும்பியதும், அன்றைக்கும் கை பழக்கத்தில் மூன்று இலை போட்டது. மூன்றாவதை மடிக்கப் போன கை பாதியில் நின்றது. தாய்க்கரடி அண்ணாந்து பார்த்தது.

"மேல யாருக்குடா பசிக்குது?"

அது கேட்டு முடிக்கும் முன்பே இலைகளுக்கு நடுவிலிருந்து நான்கு சின்னக் கைகள் இறங்கி வந்தன. ஐந்தாவதாக ஒரு பெரிய கையும் வந்தது. அது சிலுப்பியுடையது.

பிரிந்துபோவதை ஆசையாகக் காட்டி ஊட்டும் உணவு குழந்தையின் தொண்டையிலேயே நின்றுவிடும். கைவிட மாட்டேன் என்ற உறுதியோடு ஊட்டுவதே உடம்பில் ஒட்டும்.