மாடக்கண்ணுவின் வேலும் வாளியும்

செம்மண்குளம் வானொலி நிலையத்து டவரைச் சுற்றிப் புல் செதுக்குவதே மாடக்கண்ணு என்னும் அடியவருக்கு வாய்த்த தொண்டு. அலுவலகத்தில் அவரைத் தினக்கூலி என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். முருகப்பெருமான் அவரை யாராக நினைத்தான் என்பதல்லவா நமக்கு வேண்டியது!

பொழுது புலரும்போதே வந்துவிடுவார். கையில் ஒரு பழைய இரும்பு வாளி. அடியில் ஒட்டு, காதில் துரு, நெளிவு விழாத இடமில்லை. அதில் தண்ணீர் பிடித்துக்கொண்டு உடைமரத்தடிக்குப் போவார். அங்கே நெஞ்சுயரத்துக்கு ஓர் இரும்பு வேல் மண்ணில் ஊன்றி நின்றது. நிலையம் வருமுன்னே ஆடு மேய்த்தவர்கள் நட்டது. டவருக்கு வேலி போட வந்தவர்கள் அதைப் பிடுங்கப் பயந்து, வேலியைக் கோணலாக வளைத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த வேலுக்கு நீராட்டி, ஒரு செவ்வரளிப் பூ வைத்துக் கும்பிட்ட பிறகுதான் மாடக்கண்ணு அரிவாளைத் தொடுவார்.

மீடியம் வேவில் நிலையம் முதன்முதலாகப் பேசிய காலையில் ஊரே ரேடியோவும் கையுமாக உட்கார்ந்திருந்தது. மாடக்கண்ணுவின் வீட்டில் ரேடியோ இல்லை. அவர் வழக்கம்போல வேலுக்கு முன் நின்றார். ஈ முரல்வது போல ஏதோ கேட்டது. குனிந்து காதை வைத்தார். வேல் பாடிக்கொண்டிருந்தது! முருகன் மேல் பாட்டு. மிருதங்கம் கூடத் தெளிவாகக் கேட்டது. தொட்டுப் பார்த்தார், விரலில் சுருக்கென்றது. ஆண்டவன் கிள்ளுகிறான் என்று ஆனந்தப்பட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். முருகன் பாட்டோடு நிறுத்தினானா? செய்தி வாசித்தான். நெல் விலை சொன்னான். கேட்டவர்கள் பெயரையெல்லாம் வரிசையாகச் சொல்லிச் சினிமாப் பாட்டும் போட்டான். அடியவர் எல்லாவற்றையும் கைகட்டி நின்று கேட்டார். "விதையை மருந்துல புரட்டி விதைக்கணுமாம், முருகன் சொல்லிட்டான்" என்று தெருவில் போவோர் வருவோரிடம் சொல்லிவைப்பார். சிரித்துக்கொண்டே சிலர் செய்தார்கள், நன்றாக விளையவும் செய்தது. அதற்கப்புறமும் சிரிப்பை மட்டும் அவர்கள் விடவில்லை.

எல்லோரையும்விட அதிகம் சிரித்தவர் நிலையத்துக் காவலாளி கொம்பையா. அவர் ஒரு நாளும் வேலுக்குப் பக்கத்தில் போய்க் காது வைத்துப் பார்த்ததில்லை. புல்லுக்குள் பாம்பு கிடக்கும் என்று பயம். ஆனால் வாசலில் உட்கார்ந்தபடி கேலி பண்ணுவதற்குப் பாம்பா தடுக்கப்போகிறது?

"என்ன அண்ணாச்சி, இன்னைக்கு முருகர் வெயிலுன்னாரா, மழைன்னாரா?"

"மழைன்னான்" என்று பணிவாகப் பதில் சொல்லிவிட்டு நடப்பார் மாடக்கண்ணு. கேலி அவர் காதில் ஏறியதே இல்லை. அந்தக் காது வேறொன்றுக்கு நேர்ந்துவிடப்பட்டது.

காலம் போயிற்று. வீட்டுக்கு வீடு டிவி வந்தது, பிறகு எஃப்.எம். வந்தது. மீடியம் வேவை யார் கேட்கிறார்கள் என்று நிலையத்துக்குள்ளேயே பேசத் தொடங்கினார்கள். மாடக்கண்ணுவுக்கு அந்தக் கவலை ஏது? அவருக்கு ஒரே நிலையம், ஒரே அறிவிப்பாளன்.

ஒரு தைப்பூசத்துக்கு முன்னால் அவருக்கு மனசு கேட்கவில்லை. பெருமான் வேல் இப்படித் துருவேறி நிற்கலாமா? நிலையம் ஓய்வெடுக்கும் மதிய நேரமாகப் பார்த்து, புளியும் செங்கல்பொடியும் போட்டு, தோள் விட்டுப் போகும்வரை தேய்த்தார். வேலின் இலைபோன்ற முனை தண்டில் ஆடிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி, உள்ளேயிருந்த துருவையும் சுரண்டி, ஆப்பு வைத்து இறுக்கினார். வேல் வெள்ளிபோல மின்னியது. பெருமைதான் அவருக்கு!

மறுநாள் காலை காதை வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை.

பூவை மாற்றி வைத்துப் பார்த்தார். இந்தக் காதை எடுத்து அந்தக் காதை வைத்தார். வேல் வாயைத் திறக்கவில்லை. அவருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. வீட்டுக்குப் போய் மனைவி பிச்சம்மாளிடம் சொல்லி, சின்னப் பிள்ளைபோல அழுதார். "ஒங்க சாமிக்குக் கூச்சம். போட்டுத் தேய்ச்சா பேசுமா?" என்று அந்த அம்மாள் சிரிக்கப் பார்த்து, அவர் முகத்தைக் கண்டு தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நிலையத்துப் பொறியாளர் தேவசகாயம் நல்ல மனிதர். அந்த வேலில் பாட்டு கேட்பது அவருக்கு முன்பே தெரியும். ஒருவருடைய சந்தோஷத்தை எதற்குக் கெடுப்பது என்று சும்மா இருந்தவர். மாடக்கண்ணு வாடிப்போய்த் திரிவது பொறுக்காமல் கூப்பிட்டு விளக்கினார். டவருக்கு இவ்வளவு பக்கத்தில், துருப்பிடித்து ஆடுகிற இரும்பு மூட்டு சில சமயம் தானாகவே ரேடியோ போலப் பேசும். துருவையும் ஆட்டத்தையும் சேர்த்துப் போக்கிவிட்டதால் பேச்சு நின்றது. அவ்வளவுதான் விஷயம்.

"ஆப்பை உருவிட்டு, துடைக்காம விட்டுடுங்க. ஒரு மழைக்காலம் போனா மறுபடி பாடும்."

நாமாக இருந்தால் அன்றைக்கே ஆப்பைப் பிடுங்கியிருப்போம். மாடக்கண்ணு உடைமரத்தடியில் மின்னிய வேலைத் திரும்பிப் பார்த்தார்.

"ஐயா, எனக்குப் பாட்டு கேக்கணும்ங்கிறதுக்காக அவன் துருப்பிடிச்சு நிக்கணுமா? அவன் பளிச்சுன்னு இருக்கட்டும். நான் கேக்காட்டாப் போகுது."

அதுதான் தொண்டு! கேட்கக் கொடுத்து வைத்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். கேட்பதையே கொடுத்துவிட்டவர் இவர் ஒருவர்தான்.

அதன்பின் அவர் விடாமல் வேலைத் துலக்கினார். காலையில் நீராட்டி, துண்டால் ஒற்றி, எண்ணெய் தடவுவார். பழக்கம் விடவில்லை, காதையும் ஒருதரம் வைத்துப் பார்ப்பார். பிறகு ஊமை வேலைக் கும்பிட்டுவிட்டுப் புல்லுக்குப் போவார். கொம்பையா, "முருகர் லீவுல போயிட்டாரோ?" என்பார். "இருக்கான், பேசலை. அவ்வளவுதான்" என்பார் இவர். சொல்லும்போதும் நடை நிற்காது. இத்தனை துலக்கலிலும் தன் வாளியைத் துலக்க வேண்டும் என்று அவருக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடச் சொல்லிச் சொல்லிப் பிச்சம்மாளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

ஐப்பசி அடைமழை பெய்து ஓய்ந்த ஒரு காலை. உடைமரத்தடி முழுக்கச் சேறு. வேலுக்கு நீராட்டியவர், வாளியைக் கீழே வைக்க இடமில்லாமல், வேலிக் கம்பத்தில் நீட்டிக்கொண்டிருந்த கொக்கியில் மாட்டிவிட்டுக் கும்பிட்டார். நிலையம் விழித்துக்கொள்ளும் நேரம்.

பாட்டு கேட்டது. ஈ முரல்வது போல அல்ல. கல்யாண வீட்டுக் குழாயில் வருவது போல, கணீரென்று!

மாடக்கண்ணு பதறி வேலில் காது வைத்தார். வேல் பேசவில்லை. மரத்தை அண்ணாந்து பார்த்தார், அங்கேயும் இல்லை. திரும்பினார். நெளிந்த, ஒட்டுப்போட்ட, காது துருவேறிய அவருடைய வாளி, வாயை அகலத் திறந்துகொண்டு முருகன் மேல் பாடிக்கொண்டிருந்தது.

"யப்பா, இதுலயா வந்து உக்காந்த!" என்றவர் சேற்றிலேயே விழுந்து கும்பிட்டார்.

சத்தம் வாசல்வரை போயிற்று. கொம்பையா பாம்பை மறந்து புல்லுக்குள் வெறுங்காலோடு ஓடிவந்தார். வாளியைப் பார்த்தார், மாடக்கண்ணுவைப் பார்த்தார், தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார். கேலி பண்ணிய வாய், "அண்ணாச்சி, என்னை மன்னிச்சிரும்" என்றது.

தேவசகாயமும் வந்து சேர்ந்தார். அவருக்குக் காரணம் தெரியும்: வாளிக் காதில் துரு, மாட்டிய இடம் இரும்புக் கம்பம், வாளியின் வாய் ஒலிபெருக்கிக் குழாய் மாதிரி. எல்லாம் தெரிந்தவர், செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டுப் பாட்டு முடியும்வரை நின்று கேட்டார். யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை.

விஷயம் கேள்விப்பட்டு ஓட்டமாக வந்த பிச்சம்மாளுக்கு மட்டும் வேறு கவலை. "இனிமே வாளியையும் புளி போட்டுத் தேய்க்கப் போறீயளா?"

மாடக்கண்ணு யோசித்தார். பிறகு, இத்தனை மாதம் காணாமல் போயிருந்த சிரிப்பு முகம் நிறைய வந்தது.

"அவன் வேலு பளிச்சுன்னு இருக்கணும். இது என் வாளிதான? இந்த லட்சணத்துலயே அவனுக்குப் பிடிச்சிருக்கு. விட்டுரு, இருக்கட்டும்."

தன் துருவை மறந்து ஆண்டவன் துருவைத் துடைத்தவர். ஆண்டவனோ அவர் துருவிலேயே குடிவந்தான். செம்மண்குளத்து மாடக்கண்ணுவின் சேறுபட்ட பாதங்களுக்கு நம் வணக்கம்.