மண் தொடாத உடும்பு

வெகு வெகு காலத்துக்கு முன்னால், மலைகளுக்கே இன்னும் பெயர் வைத்து முடிக்காத காலத்தில், நெடுங்கல் கோட்டை என்று ஒரு ராஜ்ஜியம் இருந்தது. அங்கே ஒரு வருஷமாக ஒரு குழந்தைகூடப் பிறக்கவில்லை. பசு கன்று போடவில்லை, கோழி முட்டையிடவில்லை. நாள் தாண்டிய பெண்களின் வயிற்றில் காதை வைத்தால் அழுகைச் சத்தம் கேட்டது. ஆமாம், குழந்தைகள் உள்ளேயே அழுதன.

பிரசவமே இல்லாத ஊரில் மருத்துவச்சிக்கு என்ன வேலை? ஊர் மருத்துவச்சி மருக்கொழுந்தைக் கூப்பிட்டு, அரண்மனை உடும்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் ராஜா. அவளுக்கும் அது பதினோராம் மாதம்.

அந்தப் பெட்டை உடும்பைப் போன வருஷம் கொண்டுவந்து கருங்கல் தூணில் ஏற்றியவன் மந்திரவாதி கருஞ்சடையன். "இது தூணைப் பிடித்திருக்கும் வரை கோட்டையை எவனும் பிடிக்க முடியாது. ஆனால் இதன் காலில் மண் பட்டால் கோட்டை சரியும்" என்றான். ராஜாவும் நம்பி, மூன்று வேளையும் தரையைக் கழுவ வைத்தார்.

உடும்பு இரை எடுக்கவில்லை. கண்கள் குழி விழுந்திருந்தன. முதல் நாள் அண்டாவில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி அதை உட்கார வைத்தாள் மருக்கொழுந்து. இரண்டாம் நாள் நத்தை ஓட்டைப் பொடித்து இறைச்சியில் கலந்து ஊட்டினாள். மூன்றாம் நாள் வயிற்றை மெல்லத் தடவிப் பார்த்தாள். விரலுக்கடியில் உருண்டை உருண்டையாக முட்டைகள்.

"நீயும் என்னை மாதிரிதானா தாயி?"

உடும்பு இறங்கிக் கல்தரையைப் பிறாண்டியது. நகத்தில் ரத்தம் வந்தும் நிறுத்தவில்லை.

அவள் கருஞ்சடையனிடம் ஓடினாள். "ஐயா, அது மண்ணைத் தோண்டித்தான் முட்டையிடும். இல்லேன்னா முட்டை உள்ளேயே அழுகி, அதுவும் செத்துப்போயிடும்."

"சாகாது. சாக விடமாட்டேன். மண் மட்டும் கூடாது" என்றான் அவன்.

பேசினானே ஒழிய, அவன் நெஞ்சு ஏறி இறங்கவில்லை. மூச்சே இல்லாத ஒருவன் எதிரில் நிற்கிறான் என்று தெரிந்ததும் அவள் இரண்டடி பின்வாங்கினாள்.

அன்று உச்சிவேளையில் அவள் வயிற்றில் அழுகை நின்றுபோனது. தட்டினாள், கூப்பிட்டாள், கெஞ்சினாள். அசைவில்லை. இந்த உடும்பு தூணில் ஏறிய நாளிலிருந்துதான் ஊரில் பிரசவமே நின்றது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கோட்டை சரிந்தால் சரியட்டும் என்று உடும்பை மடியில் கட்டிக்கொண்டு நடந்தாள். வாசல் காவலர்கள் தடுக்கவில்லை. அவர்கள் வீட்டிலும் பெண்கள் காத்துக் கிடந்தார்கள்.

கோட்டைச் சுவருக்கு வெளியே இருந்த கறையான் புற்றில் இறக்கிவிட்டாள். உடும்பு பறபறவென்று தோண்டி உள்ளே புகுந்தது. அதற்குள் கருஞ்சடையன் தலைதெறிக்க ஓடிவந்தான்.

"இழுத்து எடு அதை! போன வருஷமே எனக்கு வந்த சாவை அந்த முட்டைகளில் கட்டி வைத்திருக்கிறேன். அவை வெளியே வரக் கூடாதென்றுதான் ஊரில் பிறப்பையே நிறுத்தினேன்; வந்தால் நான் தொலைந்தேன்!"

"கோட்டை சரியும்னீங்களே?"

"கோட்டையாவது, மண்ணாவது!"

மருக்கொழுந்து புற்று வாயை மறைத்து உட்கார்ந்தாள். "போயிட்டு வாங்க ஐயா. உங்களுக்கும் நாள் தாண்டிருச்சு."

முதல் முட்டை விழுந்தது. எங்கோ ஒரு பசு கத்தியது. இரண்டாவது விழுந்தது, தெருவில் பெண்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். மூன்றாவது விழுந்தபோது கருஞ்சடையன் நின்ற இடத்தில் ஒரு கொத்துச் சடை மட்டும் கிடந்தது. உடும்பு நிறுத்தாமல் இட்டுக்கொண்டே இருந்தது.

பிறகு மருக்கொழுந்துக்கு வலி வந்தது. அவள் குழந்தையை அவளே எடுத்தாள். நீலம் பாரித்து, சத்தமில்லாமல் கிடந்தது. முதுகைத் தேய்த்தாள். வாயில் ஊதினாள். உள்ளங்காலைச் சுண்டினாள். வீல் என்று கத்தியது பெண் குழந்தை. அவளும் சேர்ந்து ஓவென்று அழுதாள்.

கோட்டை ஒரு கல்கூடச் சரியவில்லை. உடும்பு குழியை மூடிவிட்டுக் காட்டுக்குள் போனது. விஷயம் கேட்டு ராஜா பதறி ஓடிவந்தார்.

"என்னம்மா வேண்டும்? பொன்னா, பொருளா, நிலமா?"

ஊருக்குள் வீட்டுக்கு வீடு பிரசவ வலிச் சத்தம் கேட்டது. ஊரில் மருத்துவச்சியோ இவள் ஒருத்திதான்.

"எனக்கு நடக்க முடியல மகாராசா. உங்க பல்லக்கை அனுப்புங்க. வெந்நீர் வைக்கச் சொல்லுங்க, எல்லா வீட்டுலயும்!"

ராஜா கால்நடையாகப் பின்னால் வர, பிள்ளையும் கையுமாக மருத்துவச்சி பல்லக்கில் போனாள். அன்று பிறந்தவர்களின் வாரிசுகள்தான் இன்றும் அங்கே இருக்கிறார்கள்; வேண்டுமானால் போய்க் கேட்டுப் பாருங்கள்.