நாணல் கரையில் காலியாக இருந்த இடம்

செவத்தான் என்ற முயலும் அவன் பெண்டாட்டி பூவாத்தாளும் கரட்டுக்காட்டிலிருந்து ராத்திரி முழுக்க நடந்து, விடியும்போது பெரிய ஏரிக்கு வந்தார்கள். சுற்றுவட்டாரத்து உயிர்களுக்கெல்லாம் அந்த ஏரிதான் பட்டணம். கொக்குக்கு ஒரு தெரு, ஆமைக்கு ஒரு தெரு, எலிக்கு நாலு சந்து என்று கரை முழுக்கக் குடியிருப்பு. மகளை அங்கேதான் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவளுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. அன்று மத்தியானம் பெயர் வைக்கிறார்கள். தாத்தா வந்து பேரன் காதில் பெயரைச் சொல்ல வேண்டும்.

ஆனால் பெண் கொடுத்த வீட்டில் படுத்துத் தூங்கக் கூடாது என்பது முயல் குலத்து வழக்கம். கொஞ்சலாம், ஒரு வாய் அருகம்புல் தின்னலாம். படுக்க வேறு இடம்தான் பார்க்க வேண்டும்.

கரையேறியதுமே ஓர் ஓணான் எதிரே வந்தது.

"தங்க இடமா? இந்த ஊரில் எனக்குத் தெரியாத சந்து கிடையாது. வாங்க."

முதலில் கொக்குத் தெருவைக் காட்டியது. செவத்தான் அண்ணாந்து பார்த்தான். மூக்கின் மேல் சொத்தென்று விழுந்தது.

"வேற இடம் பார்க்கலாம்" என்றான், துடைத்துக்கொண்டே.

அடுத்து வேலந்தோப்பு. அங்கே தவிட்டுக்குருவிகள் கூட்டமாகக் குடியிருந்தன. முயல்களைக் கண்டதும் சுற்றி உட்கார்ந்துகொண்டன.

"எந்த ஊரு நீங்க?"

"மாப்பிள்ளை யாரு? அந்தக் காது மடிஞ்ச பையனா?"

"பேரனுக்கு என்ன கொண்டுவந்தீங்க? எங்கே, காட்டுங்க பார்ப்போம்."

"ஐயா ஏன் முறைக்கிறார்? வயிறு சரியில்லையா?"

செவத்தான் இரண்டு காதையும் மடக்கிக்கொண்டான். "முயலுக்குக் காதுதான் சொத்து. இங்கே ஒரு பொழுது இருந்தால் அது போய்விடும். சத்தமில்லாத இடம் காட்டுப்பா" என்றான்.

ஓணான் நாணல் கரைக்குக் கூட்டிப்போனது. தலைக்கு மேலே நாணல், கீழே மெத்தென்ற புல். ஒரு தவளைகூடக் கத்தவில்லை.

"சத்தம் வராதே?"

ஓணான் தலையாட்டியது.

"பயம் ஒன்றும் இல்லையே?"

அதற்கும் தலையாட்டியது. ஓணான் எதற்குத்தான் தலையாட்டாது?

பூவாத்தாளுக்கு மனசு ஒப்பவில்லை. "நிற்க இடமில்லாத பட்டணத்தில் இவ்வளவு நல்ல இடம் ஏன் காலியாகக் கிடக்குது?"

"உனக்கு வாயாடிக் கூட்டம்தான் பிடிக்கும். அங்கேயே போய்ப் படு."

"போறேன். மத்தியானத்துக்கு வந்து சேருங்க. சம்பந்தி முன்னால் என்னைத் தலைகுனிய வைக்காதீங்க."

அவள் போனாள். அவன் கண்ணை மூடினான்.

ஓணான் நேராகக் காட்டுப்பூனையிடம் ஓடியது. அந்த நாணல் கரை பூனையின் வீடு.

"விருந்து வந்து படுத்திருக்கு."

"உனக்கு இதில் என்ன லாபம்?" என்றது பூனை.

"நீங்க தின்ற இடத்தில் ஈ மொய்க்கும். ஈ எனக்கு."

வேலந்தோப்பில் பூவாத்தாள் கால் நீட்டி உட்காரக்கூட இல்லை, அதற்குள் குருவிகள் ஆரம்பித்துவிட்டன.

"ஐயா எங்கே?"

"வேற இடத்தில் படுத்திருக்கார்."

"கோபமா? சண்டையா? எந்த இடம்?"

பூவாத்தாளுக்கு எரிச்சலாகத்தான் வந்தது. ஆனாலும் சொன்னாள். "நாணல் கரை."

தோப்பு கப்சிப் என்று ஆனது. மூத்த குருவிதான் முதலில் வாயைத் திறந்தது. "அடிப் பாவி, அது பூனை வீடு!"

அத்தனையும் ஒன்றாகப் பறந்தன. நாணலுக்குள் பூனை முதுகை வளைத்துப் பாயப் போகிற நேரம். குருவிகள் அதன் தலைக்கு மேலே போட்ட கூச்சலில் ஏரியே எழுந்து நின்றது. செவத்தான் தூக்கத்திலேயே துள்ளினான். பூனையின் நகத்தில் வால் குஞ்சம் மட்டும் அறுந்து சிக்கியது.

பூனை திரும்பி, பின்னாலேயே வந்திருந்த ஓணானைப் பார்த்தது. "அப்படியானால் இன்றைக்கு விருந்து நீதானா?"

பழக்க தோஷம். ஓணான் அதற்கும் தலையாட்டியது.

மத்தியானம் செவத்தான் வாலில்லாமல் போய்ப் பேரன் காதில் பெயரைச் சொன்னான். சம்பந்தி கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். அதற்குள் குருவிகள் முழுக் கதையையும் சொல்லி முடித்துவிட்டன.

பிறகு வேலந்தோப்பில் வந்து படுத்தான். குருவிகள் வாலைப் பற்றி, வால் முளைக்குமா என்பதைப் பற்றி, முளைத்தால் என்ன நிறம் என்பதைப் பற்றி ஓயாமல் பேசின. அவன் குறட்டை விட்டான். திடீரென்று சத்தம் நின்றது. செவத்தான் திடுக்கிட்டு எழுந்தான்.

"என்ன ஆச்சு? ஏன் யாரும் பேசவில்லை?"

"வாயில் புழு இருந்துச்சு, ஐயா. படுங்க" என்றது மூத்த குருவி, விழுங்கிவிட்டு.

தெரியாத ஊரில் தங்க இடம் பார்க்கிறவர்கள், அங்கே சத்தம் இல்லையா என்று பார்ப்பதை விட, தம்மைக் காணோம் என்றால் தேடி வர அக்கம்பக்கம் உண்டா என்று பார்ப்பதே நல்லது.