புதன்கிழமை வந்த குற்றம்

முதலில் கேட்டது அழுகைதான். யார் அழுகிறார்கள் என்று தெரியவில்லை. மழவூர் அரசர் அதிமாறரின் சபையில் எல்லாரும் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அழுகை தூண் தூணாக நகர்ந்து முன்னால் வந்தது. அப்புறம்தான் ஆள் தெரிந்தாள்.

வடிவு. அரண்மனை விளக்குகளுக்குத் திரி போட்டு எண்ணெய் ஊற்றுகிறவள். தோளில் இருபது நாள் குழந்தை, அழுதது அதுதான். கூட்டி வந்த காவலன், தானே கிள்ளிவிட்டவன் போல ஒரு முழியோடு ஒதுங்கி நின்றான்.

விஷயம் இதுதான். அரண்மனையில் வேலை செய்கிற பெண்ணுக்குப் பிள்ளை பிறந்தால் தொண்ணூறு நாள் வீட்டில் இருக்கலாம். கூலி நெல் குறையாமல் வரும். எல்லாருக்கும் உள்ள ஆண்டு விடுப்பு பன்னிரண்டு நாள் இதில் சேராது, அது தனி. போன வருஷம் அரசர் நல்ல மனசோடு இருந்த ஒரு காலையில் ஒரே வரியில் போட்ட உத்தரவு. அந்த ஒரு வரிக்கு முப்பத்திரண்டு ஓலை நிபந்தனை எழுதினார் ஓலைநாயகம் பிறைசூடனார். ஓலைநாயகம் என்றால் அரண்மனைப் பதிவுகளுக்கெல்லாம் தலைவர். கொடுப்பது அவர் வீட்டு நெல் இல்லை. இருந்தாலும் ஒவ்வொரு மரக்காலையும் தன் பல்லைப் பிடுங்கிக் கொடுப்பது போலத்தான் கொடுப்பார்.

நான்காவது ஓலையில் ஒரு நிபந்தனை. பிள்ளை எந்த நாளில் பிறக்கும் என்று பதினைந்து நாள் முன்னதாகவே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். வடிவு மருத்துவச்சியைக் கேட்டாள். வெள்ளிக்கிழமை வாக்கில் என்றாள் அவள். 'வாக்கில்' என்றெல்லாம் பதிய முடியாது என்று எழுத்தர் வெள்ளிக்கிழமை என்றே எழுதிக்கொண்டார். பிள்ளைக்கு இதை யாரும் சொல்லவில்லை. அது புதன்கிழமை உச்சி வேளையில், வடிவு நாற்பதாவது விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தபோதே கிளம்பிவிட்டது.

ஆக, புதனும் வியாழனும் அனுமதியில்லாமல் வேலையை விட்டுப் போனாள். அப்படிப் போனவளுக்குப் பேறுகால நெல் கிடையாது. வீட்டில் படுத்திருந்த நாளெல்லாம் ஆண்டு விடுப்பில் கழியும். அந்தப் பன்னிரண்டும் தீர்ந்துவிட்டது. நாளைக் காலை விளக்கடிக்கு வராவிட்டால் வேலையும் இல்லை. பிறைசூடனார் இதை ராகம் போடாத குறையாக வாசித்தார்.

வடிவின் புருஷன் உப்பு வண்டியோடு வடக்கே போனவன், இரண்டு மாதமாகச் சேதி இல்லை. நெல் வந்தால் வீட்டில் உலை கொதிக்கும். இல்லையென்றால் இல்லை. நிற்கவே முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய ஒரே நம்பிக்கை விடங்கன். சபையில் அவனுக்கு என்ன வேலை என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. அரசருக்குக் கொட்டாவி வந்தால் பேச வேண்டும், அவ்வளவுதான். அவன் எனக்காகப் பேசுவான் என்று நம்பித்தான் அரசரிடம் முறையிட்டிருந்தாள்.

விடங்கன் எழுந்தான். "ஓலைநாயகம் ஐயா சொன்னதில் ஒரு தப்பும் இல்லை, அரசே."

வடிவின் முகம் வெளிறிவிட்டது. பிறைசூடனாருக்கே ஆச்சரியம். முதல் தடவையாக அவனைப் பார்த்துச் சிரித்தார்.

"ஆனால் ஆள் மாறிப் போயிருக்கிறது," என்றான் விடங்கன். இவள் உச்சி வரை வேலையில் இருந்தாள், நாற்பது விளக்கும் சாட்சி. இவளை இழுத்துக்கொண்டு போனது யார்? வெள்ளிக்கிழமை என்று ஓலை இருக்கும்போது புதன்கிழமை வந்தது யார்? அந்த ஆளை விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்வது முறையா என்று கேட்டான்.

விசாரணை என்றால் பிறைசூடனாருக்கு வெல்லம். தாராளமாக விசாரிக்கலாம், விதியில் இடம் இருக்கிறது என்று தலையாட்டிவிட்டார்.

விடங்கன் வடிவிடம் போய்க் கையை நீட்டினான். அவள் தயங்கினாள். "கொடம்மா, பத்திரமாகப் பிடிக்கிறேன்," என்றான் மெதுவாக. குழந்தையை வாங்கிச் சபை நடுவில் ஏந்திக்கொண்டு பெயரைக் கேட்டான். அப்பன் திரும்பி வராததால் இன்னும் பெயர் வைக்கவில்லை. குழந்தை கொட்டாவி விட்டது.

"பெயர் சொல்ல மறுக்கிறார். எழுதிக்கொள்ளுங்கள்."

எழுத்தர் நிஜமாகவே எழுதினார்.

முன்னதாக வர அனுமதி ஓலை வாங்கினாயா என்றான். குழந்தை கைவிரலைச் சப்பியது. இல்லை என்று பதிவாயிற்று. வருத்தமாவது உண்டா என்றான். குழந்தை அவன் அங்கவஸ்திரத்தை நனைத்தது. அதையும் பதியவா என்று எழுத்தர் கேட்டார். அரசர் உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

"குற்றம் தெளிவு," என்றான் விடங்கன். "ஐயா, குறித்த நாளுக்கு முன்னால் ஒருவர் அரண்மனைக்குள் வந்து நின்றால் உங்கள் விதி என்ன சொல்கிறது?"

விடுப்பு மனு கொடுக்க வருகிறவர்கள் முந்திக்கொண்டு வந்து நிற்கிறார்கள் என்று பிறைசூடனார் தானே எழுதிய விதி அது. யாரும் கேட்கமாட்டார்களா என்று இத்தனை நாள் காத்திருந்தவர், கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தார்.

"இருபத்தேழாம் ஓலை. முன்னதாக வந்தவரை, வந்த இடத்துக்கே திருப்பி அனுப்ப வேண்டும். குறித்த நாளில் மறுபடி வரச் செய்ய வேண்டும்."

சொல்லி முடித்துக் கண்ணைத் திறந்தார். குழந்தை அவர் கையில் இருந்தது.

"விதி உங்களுடையது, நிறைவேற்றுவதும் நீங்களே," என்றான் விடங்கன். "திருப்பி அனுப்பி வையுங்கள், ஐயா. வெள்ளிக்கிழமை வரட்டும்."

பிறைசூடனார் குழந்தையைப் பார்த்தார். வடிவைப் பார்த்தார். சட்டென்று தரையைப் பார்த்தார். அரசர் சிரித்த சிரிப்பில் தலைப்பாகை சரிந்து காதில் தொங்கியது.

சிரிப்பு அடங்கியதும் அரசர் சொன்னார்: தொண்ணூறு நாள் நெல்லும் இன்றைக்கே அவள் வீட்டுக்குப் போக வேண்டும். பன்னிரண்டு நாளில் கை வைக்கக்கூடாது, பிள்ளை பெறுவது திருவிழா பார்க்கப் போவது இல்லை. வேலை அவளுடையது. முப்பத்திரண்டு ஓலையும் ரத்து. பிறகு விடங்கனைப் பார்த்து என்ன வேண்டும் என்று கேட்டார். மூன்று நாள் விடுப்புப் போதும் என்றான் அவன்.

"பதினைந்து நாள் முன்னதாக எழுதிக் கொடுத்தாயா, விடங்கா?" என்றார் அரசர்.

வடிவு நெல் மூட்டைக்குப் பின்னாலேயே நடந்து வீட்டுக்கு வந்தாள். குழந்தை வழியிலேயே தூங்கிவிட்டது. அதைத் தூளியில் போட்டாள். காவலன் வந்து கூப்பிட்டபோது அப்படியே விட்டுப் போன குழந்தைத் துணிகள் கிணற்றடியில் வெயிலில் விறைத்துக் கிடந்தன. ஒரு வாளி இறைத்து ஊற்றினாள். குந்தி உட்கார முடியவில்லை. நின்றபடியே குனிந்து, ஒவ்வொன்றாக அலசிப் பிழியத் தொடங்கினாள்.